ஆறு மீட்டரில் ஒன்பது நிமிஷம்

மணிக்கட்டில் கட்டியிருந்த கம்ப்யூட்டர், மேலே போகலாம் என்று சொல்லிவிட்டது. பச்சை எழுத்தில், கூச்சநாச்சம் இல்லாமல், பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்கு நாலு விரல் மேலே முன்கையில் கட்டியிருந்த, கணக்கு எழுதின வெள்ளைச் சிலேட்டோ இன்னும் ஒன்பது நிமிஷம் இரு என்றது. ஒரே கையில் ரெண்டு வாய், ரெண்டு பேச்சு. கஸ்பார் மோத்தா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தலைக்கு மேலே ஆறு மீட்டர் தண்ணீர், அதற்கு மேலே வள்ளத்தின் வயிறு கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது. ஆறு மீட்டர் ஒரு ஆழமா? பத்து வயசில் மூக்கைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்குள் முங்கி, துருப்பிடித்த ஆணியும் சங்கிலியும் பொறுக்கிய ஆழம் இது. நாலு உதை உதைத்தால் வெயில். வெயிலும் ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவும். அதை விட்டுவிட்டு, வள்ளத்திலிருந்து ரெண்டு கயிற்றில் கட்டி இறக்கிய இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, காயப்போட்ட கால்சட்டை மாதிரி தொங்க வேண்டியிருக்கிறது. அறுபது மீட்டர் வரை போய்க் கப்பலைத் தொட்டுவிட்டு வந்தவனுக்கு இந்தக் கடைசி ஆறு மீட்டர்தான் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்த மாதிரி. அதே குழாயின் மறுமுனையில் பெனிட்டா காலைப் பின்னிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி மிதந்தாள். இருபத்தெட்டு வயசு. அவனுக்கு நாற்பத்தேழு. அவள் வாத்தியார், அவன் மாணவன். இன்றைக்கு முங்குவது பரீட்சையின் கடைசி முங்கு. அவளுடைய கம்ப்யூட்டர் இன்னும் பூஜ்யம் காட்டவில்லை, அது அவனுக்குத் தெரியும். அவனுடையது மட்டும் ஏன் காட்டுகிறது என்பதும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் ஆற்றிய காரியம் அது, யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து, ரெண்டு பொத்தான், நாலு அமுக்கு.

நேற்றுக் காலையில் அவள் மேஜையில் காகிதத்தை விரித்துக் கணக்குப் போட்டாள். இந்த ஆழம், இந்த நேரம், இந்தக் கலவை. அறுபது மீட்டரில் வெறும் காற்றைக் குடித்தால் தலைக்கு ஏறும், கள்ளு குடித்தவன் மாதிரி கீழேயே கிடந்து சிரிப்பான், அதனால் காற்றில் பாதியைத் தள்ளிவிட்டு ஹீலியம். ஹீலியம் தலையைத் தெளிவாக வைக்கும், ஆனால் ஏறி வரும்போது அவசரப்பட விடாது. மெல்ல மெல்ல நிறுத்தி நிறுத்தித்தான் உடம்பை விட்டுப் போகும். அவசரப்படுத்தினால் கோலிசோடா உடைத்த மாதிரி ரத்தத்துக்குள்ளேயே பொங்கும். இதையெல்லாம் அவள் சொல்லி முடித்துவிட்டு, கடைசி நிறுத்தம் ஆறு மீட்டரில் சுத்த ஆக்சிஜன், இருபத்தைந்து நிமிஷம் அண்ணாச்சி என்றாள். இருபத்தைந்து என்று காதில் விழுந்த உடனே அவனுக்கு நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. பதினைந்து வச்சுக்கோ என்றான். அவன் அப்படித்தான். துறைமுக ஏலத்தில் பழைய நங்கூரம் எடுத்தாலும் சரி, பிள்ளைக்குச் செருப்பு எடுத்தாலும் சரி, சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்து நாள் மாத்திரை என்றால் ஆறு நாளுக்குக் கொடுங்க என்பான். பெனிட்டா பேனாவை மூடினாள், திறந்தாள், யோசிக்கிற மாதிரி கூரையைப் பார்த்தாள், இருபத்திரெண்டு, அதுக்கு மேல குறைக்க ஏலாது என்றாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். அந்தச் சந்தோஷமும் மத்தியானம் வரைக்கும் தாங்கவில்லை. மூன்றைக் குறைத்தவள் இன்னும் ஒரு ஏழெட்டைக் குறைக்க மாட்டாளா, இவள் புத்தகத்தைப் பார்த்துப் பயந்து சொல்கிறாள், நம்ம உடம்பு உப்புத் தண்ணீரில் ஊறின உடம்பு என்று உள்ளுக்குள் ஒருத்தன் பேசிக்கொண்டே இருந்தான். கம்ப்யூட்டரில் ஒரு எண் இருக்கிறது, எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லுகிற எண். அதை மாற்றினான். கம்ப்யூட்டர் வாக்குவாதம் பண்ணவில்லை. இருபத்திரெண்டு கேட்ட இடத்தில் பதின்மூன்று போதும் என்று தலையாட்டிவிட்டது. இவ்வளவு சுலபமாகப் படிந்த பேரம் அவன் வாழ்க்கையில் கிடையாது. அப்பவே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மறுபேச்சு இல்லாமல் படிகிறவன் ஒன்று முட்டாளாக இருப்பான், இல்லை சரக்கில் ஓட்டை இருக்கும்.

எட்டு. ஆக்சிஜன் தொண்டையை வறட்டியது. வாய்க்குள் கடித்திருந்த ரப்பர் கட்டையில் எச்சில் இல்லை. குளிர் முதுகுத்தண்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது. கீழே பார்த்தால் நீலம், நீலத்துக்குக் கீழே கருநீலம், அதற்குக் கீழே இருக்கிறது அந்தக் கப்பல். எந்த ஊர்க் கப்பல், எப்போது மூழ்கியது, தூத்துக்குடியில் யாருக்கும் தெரியாது. வலைக்காரர்களுக்கு அது வலை கிழிக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் அவன் பார்த்தான். எவ்வளவு தெளிவாகப் பார்த்தான். பக்கத்தில் ஒட்டியிருந்த சிப்பி, இரும்புப் படி, படியில் காவலுக்கு உட்கார்ந்த மாதிரி ஒரு பெரிய களவா மீன், அதன் கீழுதடு. காற்றுக் குடித்து இறங்கிய காலத்தில் நாற்பது மீட்டர் தாண்டினாலே மீனுக்கு மீசை முளைத்திருக்கும், அதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறான். இன்றைக்கு மீன் மீனாக இருந்தது. பயம் பயமாக இருந்தது. அதுதான் ஹீலியம் பண்ணுகிற வேலை, எதையும் மூடி மறைக்காது. முதல் நாள் கரையில் பெனிட்டா ஹீலியத்தைக் கொஞ்சம் இழுத்துப் பேசிப் பாருங்க என்றபோது, அவன் ஏலத்தில் கத்துகிற மாதிரி ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்த, வாத்துக் குஞ்சு குரலில் வந்து, லீனூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லீனூஸ் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம். ஒன்பது. இந்த ஒன்பதும் அந்த ஒன்பதும் ஒன்றா என்று நினைத்ததும் கஸ்பாருக்கு மனசு அங்கே போய் முள்ளில் மாட்டின நூல் மாதிரி நின்றுவிட்டது. இழுத்தான், வரவில்லை.

லீனூஸ் அவன் தங்கச்சி பிலோமியின் மாப்பிள்ளை. இப்போது மேலே வள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறான், பின்பக்கம், பலகையில் கட்டிய நாற்காலியில், பக்கத்தில் ரெண்டு ஊன்றுகோல். அவன் கையிலிருந்து ஒரு மெல்லிய கயிறு, நுனியில் ஈயக்குண்டு கட்டி, இந்த இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் தொங்குகிறது. அது அவர்கள் பழைய பாஷை. ஒரு இழுப்பு, நல்லா இருக்கியா. ரெண்டு, அங்கேயே இரு. மூன்று, உடனே மேலே வா. பெனிட்டா இதெல்லாம் எதுக்கு, மிதவை இருக்கு, சிலேட்டு இருக்கு என்றபோது, இந்தக் கயிறு இல்லாட்டி நான் இறங்க மாட்டேன் என்று கஸ்பார் ஒற்றைக்காலில் நின்றான். ஒன்பது வருஷத்துக்கு முந்தி கயிற்றின் மேல்முனை அவன் கையில் இருந்தது, கீழ்முனையில் லீனூஸ். நாற்பத்தெட்டு மீட்டரில் அறுந்து கிடந்த நங்கூரத்துக்குச் சங்கிலி மாட்டிவிட்டு ஏறி வந்துகொண்டிருந்தான். இதே மாதிரி இடைவழியில் தொங்கிக்கொண்டிருந்தான். கச்சான் காற்று தூக்கியது. இழுவைப் படகுக்காரன் நான் கிளம்புறேன், உன் ஆளைக் கூப்பிடு, இல்லாட்டி நங்கூரத்தை அறுத்துவிட்டுப் போவேன் என்று கத்தினான். ரெண்டு மணி நேரம் கத்திப் பேசி முடித்த வேலை, கைக்கு வந்தது நழுவுகிறது, அந்தக் கோபத்தில், அந்தக் கோபத்தில்தான், அவன் மூன்று தரம் இழுத்தான். லீனூஸ் வந்தான். ஏன் என்று கேட்காமல் வந்தான், மச்சான் இழுத்தால் காரணம் இருக்கும் என்று வந்தான். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். பாதி பீடியில் மச்சான், எங்க காலு என்றான். கிண்டல் என்று நினைத்து, உங்க கிட்டதான் இருக்கு, நான் ஒண்ணும் எடுக்கல என்றான் கஸ்பார். அதைச் சொன்ன வாய் இது. ஒன்பது வருஷமாக அந்தப் பதிலை எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டான், மாறவில்லை. இரும்புத் தொட்டி மாதிரி ஒரு அறையில் போட்டுக் காற்றழுத்தம் ஏற்றிப் பதினோரு நாள் வைத்தியம் பார்த்தார்கள். வலதுகால் பாதி வந்தது. இடதுகால் வரவில்லை. லீனூஸ் ஒரு வார்த்தை கேட்டானா? பிலோமி கேட்டாளா? கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டால் ஒரு இடத்தில் படியும். கேட்காதவனிடம் எப்படிப் பேரம் பேசுவது. இப்போது அறுபது மீட்டரில் ஒரு வேலை வந்திருக்கிறது, சின்ன வயசுப் பையன்கள் நாலு பேர் அண்ணே நாங்க இறங்குதோம் என்று நிற்கிறார்கள். நான் போய்ப் பார்க்காத ஆழத்துக்கு இனி ஒருத்தனையும் இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்த வயசில் சிலேட்டுக் கட்டிக்கொண்டு படிக்க வந்தான். நீச்சல் குளத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு சிலிண்டர் மாற்றுகிற பாடத்தில் ஒன்பதாவது தடவையும் தப்பாகி, ஆத்திரத்தில் சிலேட்டைத் தூக்கி எறிந்தான். பெனிட்டா குரலை உயர்த்தவில்லை. எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி, பத்தாவது தடவை பார்ப்போம் என்றாள். எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கே ஆச்சரியம்.

ஏழு. இல்லை, ஏழு முடியப்போகிறது. அப்போதுதான் இடது பாதத்தில் முதல் குத்து. எறும்பு ஊருகிற மாதிரி. பிறகு எறும்பு நிறைய. விரலை அசைத்தான், அசைந்ததா இல்லையா தெரியவில்லை, தடித்த ரப்பருக்குள் யாருக்குத் தெரியும். இடதுகால். லீனூஸுக்கும் இடதுகால். லீனூஸுக்கு மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் வந்தது, பீடிக்குப் பிறகு, எனக்கு எப்படி இங்கேயே வரும், வராது, வரலாம், பெனிட்டா வகுப்பில் சொன்னாளே, உடம்புக்கு உடம்பு மாறும் என்று. எண்ணை மாற்றிய கை எது? வலது கை. தண்டனை இடது காலுக்கா? மாதாவே. பனிமய மாதாவே, இந்தக் காலைக் கொடுத்துவிடு, என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி. சரி, உயரத்துக்கு வேண்டாம், இடுப்பு உயரத்துக்கு. சீ, இங்கேயும் குறைக்கிறாயா, நாக்கை அறுக்க. முழு உயரம், கூட ஒரு முழம். கம்ப்யூட்டர் பச்சையாக மின்னியது, போ, போ, என் கணக்குப்படி நீ சுத்தம். சுத்தம் என்றால் ஏன் கால் மரத்துப் போகிறது? கால் மரத்துப் போகிறதென்றால் இன்னும் இங்கே இருந்தால் நல்லதா, மேலே போய் வைத்தியம் பார்த்தால் நல்லதா? அவளிடம் சொல்லலாம். சொன்னால் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள். பார்த்தால் எண் தெரிந்துவிடும். பெனிட்டா அந்த நேரம் பார்த்து அவன் பக்கம் திரும்பி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். அவன் நல்லா இருக்கேன் என்று அதே மாதிரி விரலை வளைத்துக் காட்டினான். அதற்குள் மேலே சடசடவென்று சத்தம். தண்ணீருக்குள் எஞ்சின் சத்தம் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். வள்ளத்தின் எஞ்சினைப் போட்டுவிட்டார்கள். ஏன்? இன்னும் ஆறு நிமிஷம் இருக்கும்போது ஏன்? குழாய் ஒரு முழம் தூக்கிப்போட்டு இறங்கியது. அலை பெருசாகிவிட்டது. காற்று. கச்சானா? ஒன்பது வருஷத்துக்கு முந்தி வந்த அதே காற்றா? வள்ளத்தை ஓட்டுகிற ஜூடு பயந்தாங்கொள்ளி, கிளம்பலாம் கிளம்பலாம் என்று நச்சரித்திருப்பான். அப்படியென்றால் கயிறு வரும். மூன்று இழுப்பு வரும். கயிற்றின் மேல்முனையில் லீனூஸ் இருக்கிறான். நீ இழுத்தாய், நான் வந்தேன் என்று ஒன்பது வருஷம் வாயைத் திறக்காதவன். அவனுக்கு உரிமை இருக்கிறது. அவன் மூன்று இழுத்தால் நான் போவேன், ஏன் என்று கேட்காமல் போவேன், கேட்க எனக்கு என்ன யோக்கியதை. ஆனால் போக வேண்டாம். இழுத்துவிடாதே மாப்பிள்ளை. இழுத்தாலும் தப்பில்லை. இழுத்துவிடாதே.

கயிறு இழுத்தது. ஒன்று. அவனுக்கு மூச்சு நின்றது. மூச்சை நிறுத்தக்கூடாது, முதல் நாள் முதல் பாடம், ஆனாலும் நின்றது. ரெண்டு. எண்ணினான். அலையில் குழாய் ஏறியது, இறங்கியது. வெளிச்சம் தண்ணீருக்குள் கோடு கோடாக ஆடியது. மறுபடி ஏறியது. மூன்றாவதுக்கு அவன் உடம்பு முழுக்கக் காது. வரவில்லை. இன்னொரு அலை, அதற்கும் வரவில்லை. ரெண்டு. அங்கேயே இரு. எஞ்சின் ஓடுகிறது, காற்று தூக்குகிறது, ஜூடு கத்துகிறான், லீனூஸ் ரெண்டு இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடிக்குள் கண் கலங்கியது, கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதையும் யாராவது பாடத்தில் சேர்க்க வேண்டும். பிறகுதான் அது உறைத்தது. ரெண்டு இழுப்பும் எங்கே தெரிந்தது? கையில் இல்லை. கை குழாயைப் பிடித்திருக்கிறது. இடது காலில் தெரிந்தது. மரத்துப்போன காலுக்கு எப்படித் தெரிந்தது? குனிந்து பார்த்தான். கயிறு அவன் இடது கணுக்காலில் மூன்று சுற்றுச் சுற்றி, ரப்பர் மடிப்புக்குள் புதைந்து, இறுகிக் கிடந்தது. அவனேதான் சுற்றியிருக்கிறான். நீரோட்டத்தில் கயிறு தள்ளிப் போய்விடக்கூடாதென்று, யோசிக்காமல், சங்குக்கு முங்குகிற அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம், கல்லுக்கயிற்றைக் கால்விரலில் கோக்கிற பழக்கம், கால் தானாகப் பண்ணிவிட்டது. அலை தூக்கத் தூக்க முடிச்சு இறுகியிருக்கிறது. புத்தகம் படித்த எவனும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். மடங்கி, ஒரு கையால் பிரித்தான், ஒரு சுற்று, ரெண்டு, மூன்று. பாதத்துக்குள் ரத்தம் வெந்நீர் ஊற்றின மாதிரி இறங்கியது. எறும்புகள் எல்லாம் ஒரேயடியாகக் கடித்தன. அவ்வளவு நல்ல வலியை அவன் அனுபவித்ததில்லை. கட்டைவிரல் அசைந்தது. சுண்டுவிரல் கூட. ரப்பர் கட்டையைக் கடித்தபடியே சிரித்ததில் குமிழி குமிழியாகக் கிளம்பிப் போயிற்று. பெனிட்டா திரும்பிப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கணுக்காலைப் பார்த்தாள், தண்ணீருக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

கயிற்றை இந்தத் தடவை கையில் பிடித்து ஒன்று இழுத்தான். நல்லா இருக்கேன். மேலிருந்து ஒன்று வந்தது. இன்னும் அஞ்சு. அவன் சிலேட்டு இருந்த கையை நீட்டவில்லை, கம்ப்யூட்டர் இருந்த மணிக்கட்டைத் திருப்பிப் பெனிட்டாவின் முகத்துக்கு நேரே காட்டினான். பூஜ்யம். அவள் தன்னுடையதைப் பார்த்தாள், அவனுடையதைப் பார்த்தாள், மறுபடி தன்னுடையதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துபோனது அவள் மூச்சிலேயே தெரிந்தது, குமிழி ஒரு கணம் நின்று பிறகு மொத்தமாக வந்தது. அவன் மேலே கையைக் காட்டி இல்லை என்று தலையாட்டினான். குழாயை ரெண்டு கையாலும் பிடித்தான். அஞ்சு நிமிஷம் அவ்வளவு நீளம் என்றும் தெரியாது, அவ்வளவு சுகம் என்றும் தெரியாது. நாலு. ஒரு சின்ன மீன்கூட்டம் சில்லறை கொட்டின மாதிரி வந்து திரும்பிப் போனது. மூன்று. மெழுகுவர்த்தி முழு உயரம், கூட ஒரு முழம், அதில் மாற்றம் கிடையாது. ரெண்டு. ஒன்று. மேலே போகலாம் என்று அவள் கட்டைவிரலை உயர்த்தின பிறகும் அவன் ஒரு பத்து மூச்சு கூடவே இருந்தான்.

வெயில் கண்ணைக் குத்தியது. ஏணியில் காலை வைத்தான், இடதுகாலைத்தான் முதலில் வைத்தான், அது தாங்கியது. சிலிண்டர்களை ஜூடு வாங்கிக்கொண்டான், வாங்கும்போதே புலம்பினான், காத்து ஏறிட்டு, கயிறு அறுந்துரும்னு பாதி நேரமா கத்துதேன், நான் நங்கூரத்துமேல கை வச்சா இந்த மனுசன் கையை ஊன்றுகோலால அடிப்பேங்காரு. லீனூஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கஸ்பாரைப் பார்த்துச் சொன்னான்:

"நில்லுங்க மச்சான். ஒத்தக் காலு. கண்ணை மூடிக்கிட்டு."

முங்கி ஏறினதும் கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெனிட்டா எல்லோருக்கும் வைக்கிற சோதனை அது. ஆடுகிற வள்ளத்தில் எவன் நிற்பான் என்று மற்ற நாள் என்றால் எகிறியிருப்பான். நின்றான். இடதுகாலில் நின்றான், லீனூஸின் தோளைப் பிடித்துக்கொண்டு. லீனூஸ் மெதுவாகக் கேட்டான்:

"காலு இருக்கா?"

"இருக்கு மாப்பிள்ளை."

வேறு எதுவோ சொல்ல வாய் வந்தது, ஒன்பது வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்த பதில் எல்லாம் நாக்கு நுனி வரை சேர்ந்து வந்தது. அதற்குள் லீனூஸ், தன் தோளில் இருந்த அவன் கையை ஒரு தட்டுத் தட்டி, ஈயக்குண்டைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினான். அதுவே போதுமாக இருந்தது. கஸ்பார் திரும்பி, தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்த பெனிட்டாவிடம், கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றியது நான்தான், நேத்து சாயங்காலம் என்றான். அவள் அவன் மணிக்கட்டிலிருந்து கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால் தேவலை. பிறகு, உங்க கணக்குப்படி பதிமூணுல ஏறியிருந்தீங்கன்னா இப்போ நான் வயர்லெஸ்ஸைப் பிடிச்சு ஆள் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன் என்றாள். எங்க கணக்கு இருபதுதான் அண்ணாச்சி, எங்கம்மா தெரேஸ்புரத்துல மீன் ஏலம் போடுற பொம்பள, குறைச்சுக் கேக்குற மூஞ்சி எனக்குத் தெரியும், அதான் இருபத்தைஞ்சு சொன்னேன், நீங்க இப்பிடிப் பின்வாசல் வழியாப் போவீங்கன்னு மட்டும் தெரியாமப் போச்சு. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னிடம் ஒருத்தி விலை ஏற்றி விற்றிருக்கிறாள், அந்த ரெண்டு நிமிஷத்தையும் அவன் சுளையாக அனுபவித்துவிட்டு வந்திருக்கிறான். அவள் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு முங்குனது சேராது. இதே ஆழம், இன்னும் ரெண்டு தடவை முங்கணும்."

ஜூடு எஞ்சினில் கைவைத்தபடி நின்றுவிட்டான், இதோ கஸ்பார் வெடிக்கப் போகிறான் என்று. கஸ்பார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், காதைத் துடைத்தான், ரெண்டு பாதத்தையும், விரல் விரலாகப் பிரித்து, நிதானமாகத் துடைத்தான்.

"மூணா வச்சுக்கோம்மா," என்றான்.

லீனூஸ் கயிற்றை மடியில் வைத்துவிட்டு, வாத்துக் குஞ்சு குரலை வேண்டுமென்றே வரவழைத்து, ஒரு தரம், ரெண்டு தரம் என்றான்.